பட்டாளத்துக்காரர் பர்ஸில் ஒரு போட்டோ

எங்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே உட்காருவது இல்லை. நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. என் அம்மா என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் இறந்துபோன பிறகு, "நல்ல மனுசன்" என்று என்னிடம் சொன்னாள். அதோடு சரி. இப்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே ஸ்கூட்டரில் மயிலாப்பூர் போய்க் காய்கறி வாங்கி வருகிறார்கள். எனக்குத்தான் வரவில்லை. பழக்கம் பாதி, கூச்சம் பாதி. சின்ன வயதிலிருந்தே நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் கதவோரம் நிற்கிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதால் யாராவது பெரிய பேச்சு பேசினால் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

ஆகவே எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் நடுவில் என் மகள்தான் தபால்காரி.

"சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தவான்னு கேளு."

"ம்மா, அவரு இங்கதான் உக்காந்துங்கீறாரு. காது நல்லா கேக்குது. நீயே கேளு."

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் மடியிலிருக்கும் குழந்தையிடம் சொல்வார்: "போதும்னு பாட்டிகிட்ட சொல்லும்மா." குழந்தைக்கு அப்போது பேச்சே வரவில்லை. அது சாம்பாரைப் பார்த்துச் சிரிக்கும். நான் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார். ஊர் வேலூருக்கு அந்தப் பக்கம். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்று தரகர் சொன்னார். பட்டாளத்து மாப்பிள்ளை என்று கேட்டதும் எனக்கு மனதில் வந்தது சினிமாவில் பார்த்த ஆள்தான். தூண் மாதிரி உயரம், அகலமான மார்பு, இமைக்காத கண். பெண் பார்க்க வந்த அன்று மந்தைவெளியில் எங்கள் சந்துக்குள் ஆட்டோவிலிருந்து இறங்கியது ஒரு குள்ளமான பையன். காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஜ்ஜி சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதினார். நான் கதவிடுக்கிலிருந்து பார்த்துவிட்டு, இவர் மாப்பிள்ளையோடு வந்தவர் போலிருக்கிறது, மாப்பிள்ளை பின்னால் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் மகள் சொன்னாள். சினிமாவில் கேமராவை பூட்ஸுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து மேலே பார்க்க எடுப்பார்களாம். அப்படி எடுத்தால் யாராக இருந்தாலும் கோபுரம் மாதிரிதான் தெரிவார்களாம். "உன்னக்கூட அப்படி எடுத்தா ராணி மாதிரி கீவே" என்றாள்.

நான் மாவு அரைத்து விற்கிறேன். காலையில் ஒரு ஈடு, சாயங்காலம் ஒரு ஈடு. நடுவில் பகல் முழுவதும் டிவிதான். எதிர் வீட்டு அக்காவும் வந்துவிடுவாள். அவளும் நானும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து சினிமா பார்க்கிறவர்கள். தியேட்டர் தரை டிக்கெட்டில் ஆரம்பித்த சிநேகம், இப்போது என் வீட்டு டிவிக்கு முன்னால் பாயில் நடக்கிறது. பட்டாளத்துப் படம் என்றால் இரண்டு பேருக்கும் உயிர். என் மகளை அவருக்குக் கொடுத்த பிறகு எனக்கு அது உயிர் போகிற விஷயமாகவும் ஆகிவிட்டது.

எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! எந்தச் சிப்பாய் சாகப் போகிறான் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பஸ் டிரைவர் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிற மாதிரி படக்காரர்களும் அடித்துவிடுகிறார்கள். முதலில் அவன் மட்டும் தனியாக உட்காருவான். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் புகை மாதிரி மங்கிப்போவார்கள். கேமரா அவன் முகத்துக்குக் கிட்டே கிட்டே போகும். புல்லாங்குழல் ஆரம்பிக்கும். அப்புறம் அவன் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்துத் திறப்பான். உள்ளே பெண்டாட்டி பிள்ளை போட்டோ. பக்கத்திலிருப்பவனிடம் காட்டி, லீவுக்குப் போனதும் குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்று சொல்வான்.

"போட்டோவ எட்த்துட்டான் பாரு. இவன் காலி" என்பாள் அக்கா.

"பாவம், சின்னப் பையனா கீறான்."

"சின்னப் பையனா இருந்தா இன்னா? இன்டர்வெல் தாண்டமாட்டான். நீ வேணா காபி போட்டுக்கினு வா. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். குண்டு வரும். அது வரும்போது எல்லாம் மெதுவாக ஆகிவிடும். மண் மெதுவாகப் பறக்கும், தொப்பி மெதுவாக விழும், சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் எனக்கும் மூச்சு மெதுவாகிவிடும். சாவு அவ்வளவு அழகாக இருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தடவை மாப்பிள்ளை லீவுக்கு வந்திருந்தபோது ஒரு பகலில் அப்படி ஒரு படம் ஓடியது. அவர் பாயில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படி நிலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அக்கா அவர் இருந்ததால் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்த நேரம் என்றால் அப்படிப் படம் பார்த்த நேரம்தான். அவர் டிவியைப் பார்ப்பார், நான் டிவியையும் அவர் முதுகையும் பார்ப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவும் நானும் அழுகிற இடத்தில் அவர் சிரித்தார். நாங்கள் சும்மா பார்க்கிற இடத்தில் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு இடத்தில் பனிமலையில் லாரி ஒன்று போனது. கதாநாயகன் அதில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாடினான். மாப்பிள்ளை குழந்தையிடம், "டயருக்கு செயினே கட்டாம ஏத்தறான் பாரு. இவன் பாட்டு முடியறதுக்குள்ள பள்ளத்துல கீறான்" என்றார். நான் நிலைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு குண்டு வெடித்து, எல்லாம் மெதுவாகி, சத்தம் நின்ற இடம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே, "நெசத்துல சத்தம் நிக்காதும்மா" என்று மெல்லச் சொன்னார். என்னிடம் சொன்னதா, குழந்தையிடம் சொன்னதா தெரியாது.

லீவு முடியப் போகிற வாரத்தில்தான் அது நடந்தது. இந்த முறை அவர் போகிற இடத்தில் பனிக்காலம் முழுவதும் போன் சரியாகக் கிடைக்காது. அதனால் என் மகள் குழந்தையின் படம் ஒன்றை பிரிண்ட் போட்டு வந்து, பர்ஸ் அளவுக்குக் கத்தரித்து, என்னிடம் காட்டினாள். கபாலி கோயில் குளத்தங்கரையில் எடுத்த படம். குழந்தை பல்லில்லாமல் சிரிக்கிறது.

"அவரு பர்ஸ்ல வெக்கப்போறேன். நல்லாகீதா?"

படத்தை அவள் பக்கமே தள்ளினேன்.

"வேணாம்" என்றேன்.

"இன்னா வேணாம்?"

"பர்ஸுல வேணாம். பெட்டியில வையேன். இல்லாங்காட்டி வெக்கவே வேணாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் காதில் விழுகிறது என்று எனக்கே தெரிந்தது. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது.

"சினிமா பாத்துப் பாத்து உனுக்கு மூளை கெட்டுப்போச்சும்மா. எனக்குப் பயமில்லன்னு நெனச்சியா? இப்ப நீ சொல்லிட்டே. இனிமே நானும் அதையேதான் நெனப்பேன். பொண்ணு மூஞ்சிய பாக்காம அவரு அங்க எப்டி இருப்பாரு?"

படத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வைக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரிடம் என்ன சொன்னாளோ, அவரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அலமாரியைத் திறக்கிற போதெல்லாம் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை. மகள் அபிராமபுரத்தில் நர்சரிப் பள்ளியில் டீச்சர், அவள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் குழந்தையும் நானும். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாயில் உட்கார்ந்து பச்சைத் துணிப் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறந்தார். படத்தைக் கையில் எடுத்தார். பர்ஸையும் எடுத்தார்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கையெல்லாம் மாவு.

"அத எடுத்துக்கினு போவாதீங்க" என்றேன்.

அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா அத்தை? கிரைண்டர் சத்தத்துல கேக்கல."

இருந்த தைரியமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டிருந்தது. இன்னொரு தடவைக்கு எங்கே போவேன்? திரும்பிப் போய் கிரைண்டரை நிறுத்தினேன். வீடே அமைதியானது இன்னும் மோசம்.

"அந்த போட்டோ. பர்ஸ்ல வெக்காதீங்க."

"ஏன் அத்தை?"

"படத்துல பர்ஸ்ல போட்டோ வெச்சிருக்கறவன்..." தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்பப் பாயில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"அத்தை, எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் போட்டோ கீது. போட்டோ இல்லாத ஆளே கெடையாது. எங்க சுபேதாரு பர்ஸுல எட்டு போட்டோ. அதுல ஒண்ணு அவரு வீட்டு எருமை மாடு. அவரு ரிட்டையரே ஆவப் போறாரு."

"படத்துல எல்லாரும்..."

"படத்துல சாவப்போறவன் பர்ஸ மட்டும்தான் அத்தை திறந்து காட்டறான். மத்தவன் பர்ஸ யாரு காட்டினா? பின்னால மங்கலா நிக்கறானே, அவன் பர்ஸ்லயும்தான் கீது. அவன் ஊருக்குப் போய்ச் சேந்துருவான். அத எவன் படம் புடிக்கறான்?"

சொன்னது தலைக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. நான் நகரவில்லை. அவர் போனை எடுத்து என் பக்கம் திருப்பிப் பிடித்தார். "இது போற வழியில கேம்ப்ல எடுத்த வீடியோ. அங்க எடுக்கலாம்னு விட்டாங்க. பாருங்க."

ஒரு கூடாரம். நாலு பேர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். ஒருவன் இருமுகிறான். ஸ்டவ் சத்தம். வெளியே யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். இன்னொருவன் கிழங்கைப் போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக்கொள்கிறான். கேமரா கிட்டேயும் போகவில்லை, தூரமும் போகவில்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது வரும் என்று பார்த்தேன். வீடியோ நின்றுவிட்டது.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"அவ்ளோதான் அத்தை. கெழங்கு வெந்தது, துன்னோம்."

"சண்டை?"

"வருசத்துல பாதி நாள் பனி மூடின ரோடு தொறக்கறதுக்குக் காத்துக்கினு இருக்கறதுதான் எங்க சண்டை."

அந்த நாலு பையன்களில் ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கிழங்கைத் தடிமனாகச் சீவுவதைப் பார்த்து, பாதி வீணாகிறதே என்று எனக்கு இருந்தது. சினிமாவில் எந்தச் சிப்பாயைப் பார்த்தும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவர்களுக்காக அழுதிருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். ஒழுங்காகச் சீவுடா என்று சொல்லத் தோன்றியதில்லை.

ஆனாலும் சொன்னேன்: "எனக்கு மனசு கேக்கல."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"சரி அத்தை. நீங்க இவ்ளோ படம் பாத்திருக்கீங்க. ஒண்ணு சொல்லுங்க. எந்தப் படத்துலயாவது ஒருத்தன் மாமியார் போட்டோவ எட்த்துக் காட்டிட்டு செத்திருக்கானா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கறுப்பு வெள்ளையிலிருந்து ஆரம்பித்து வந்தேன். அம்மா போட்டோ உண்டு. பெண்டாட்டி போட்டோ உண்டு. காதலி, தங்கச்சி, குழந்தை, ஒரு படத்தில் நாய்கூட உண்டு. மாமியார்?

"இல்ல" என்றேன்.

"அப்போ புதுசா ஒரு போட்டோ எடுப்போம், நீங்களும் நில்லுங்க. குழந்தைய தூக்கிக்கினு. எந்தக் குண்டும் கிட்ட வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. மாவுக் கையென்பதால் மூக்கெல்லாம் மாவு. குழந்தை என்னைப் பார்த்துக் கையைத் தட்டியது. அவரும் சிரித்தார். பஜ்ஜி ஊதிய அதே முகம்.

போட்டோவுக்கு நிற்பது எனக்குச் சாதாரண விஷயமில்லை. மகள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் என் காதும் தோடும் மட்டும் இருக்கிறது. அதைக்கூட மகள்தான் தோட்டை வைத்துக் கண்டுபிடித்தாள். ஆனால் அன்று ஒத்துக்கொண்டேன். மகள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது நான் நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டு, அவர் பக்கத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது? யாருக்குக் கல்யாணம்?"

"அத்தை எங்கூட பட்டாளத்துக்கு வர்றாங்க" என்றார் அவர்.

மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டுடியோ. அதை வைத்திருப்பவர் எங்களை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். குழந்தை என் இடுப்பில். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, அவருக்கு அந்தப் பக்கம் மகள்.

"அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க. நடுவுல பஸ்ஸே போவும் போலகீது."

ஒரு அடி நகர்ந்தேன்.

"இன்னும் ஒண்ணு. மாப்ள கடிக்கமாட்டாரு."

நகர்ந்தேன். பல்ப் மின்னியது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, பெரிதாக்கிக் காட்டினார். மாப்பிள்ளை மிலிட்டரி என்று கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார், இந்தச் செவுத்த எடுத்துடறேன். பின்னால பனிமலை, கொடி, மேல ரெண்டு ப்ளேன் போட்டுத் தரேன். சாரைக் கொஞ்சம் ஒசரமாக்கிடலாம். மார்பையும் கொஞ்சம். சூப்பரா வரும்."

மாப்பிள்ளை என் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான்தான் சொன்னேன்:

"ஒண்ணும் போடாதீங்க. செவுரு இருக்கட்டும். அவரு இவ்ளோ ஒசரமே இருக்கட்டும்."

ஸ்டுடியோக்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அப்படியே போட்டுக் கொடுத்தார். அதில் நான் கேமராவைப் பார்க்கவில்லை, குழந்தையின் செருப்பைப் பார்க்கிறேன். நகை திருட்டுப் போய் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறேன். மகள் வீடு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் பழையபடி சிரித்துப் பேசியது அப்போதுதான்.

மறுநாள் சென்ட்ரலில் ரயில் ஏற்றினோம். சினிமாவில் ரயில் நகர ஆரம்பித்து ஒரு பாட்டு நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அதெல்லாம் இல்லை. குழந்தையின் ஒரு சாக்ஸ் பெஞ்சுக்கு அடியில் விழுந்துவிட்டது. மகளும் நானும் குனிந்து தேடி நிமிர்ந்தபோது பெட்டி தள்ளிப் போய்விட்டது. நீட்டிய கை ஒன்று ஆடியது. அவர் கையா வேறு யாருடையதா என்று அடையாளம் தெரியாத தூரம். எல்லாக் கைக்கும் ஆட்டிவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு வாரம், இன்னொரு வாரம். பனி என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு போனையே பார்த்துக்கொண்டு படுப்பாள். நான் உளுந்து ஊறப் போடுவேன். ஒரு பகலில் அக்கா வந்து டிவியைப் போட்டாள். பட்டாளத்துப் படம். மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஒருவன் தனியாக உட்கார்ந்தான். மற்றவர்கள் மங்கினார்கள். புல்லாங்குழல் வந்தது. பர்ஸைத் திறந்தான்.

"முடிஞ்சிச்சி. இவன் காலி" என்றாள் அக்கா.

"அவனைப் பாக்காதே. பின்னால நிக்கறானே, அவனப் பாரு."

"எவன் மே? ஒண்ணும் தெரியலயே, கலங்கலா கீது."

"தெரியலன்னாலும் கீறான் இல்ல? அவன் வீட்டுக்குப் போய்ச் சேந்துருவான்."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் அந்தக் காட்சி முழுவதும் ஓரத்தில் இருந்தவனையே பார்த்தேன். அவன் குனிந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தான். பூட்ஸ் கயிறாக இருக்கும். குண்டு வெடித்து முன்னால் எல்லாம் மெதுவாகப் பறந்தபோது அவனைக் காட்டவில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று படம் முடிகிற வரைக்கும் தெரியவில்லை. எழுந்து போய் கிரைண்டரைக் கழுவினேன், கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

போன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது. கை ஈரம் என்று என்னைப் பார்த்து, "எட்த்துப் பேசும்மா, எட்த்துப் பேசு!" என்று கத்தினாள். எடுத்தேன். தூரத்தில் காற்று இரைகிற மாதிரி சத்தம். அதற்குள்ளிருந்து அவர் குரல்.

"யாரு, அத்தையா?"

"நான்தான். நல்லாகீறீங்களா?"

"நல்லாகீறேன் அத்தை. ரோடு இப்பதான் தொறந்தாங்க. ஒண்ணும் நடக்கல இங்க."

ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அத்தை, அந்த போட்டோ பர்ஸ்ல இல்ல, தெரியுமா? லாரியில முன்கண்ணாடிக்குக் கீழ ஒட்டி வெச்சிருக்கேன். ஏறறவன் எல்லாம் பாக்கறான். உங்கள மட்டும் காட்டி, இது எந்த ஊரு சாமின்னு கேக்கறானுங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்க மந்தைவெளி சாமி, பேசாதுன்னு சொன்னேன்."

குளியலறையிலிருந்து மகள், இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை சோப்பு கண்ணில் பட்டு அழுதது. நான் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இப்ப பேசுதுன்னு சொல்லுங்க" என்றேன்.